கற்பூரம் அடிக்காத அக்கா

மடுல்சீமைப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போன தேயிலைத் தோட்டத்தில், லயம் என்கிற வரிசை வீட்டில் எங்கள் காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவே இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. மேலே ஒரு முழத்துக்குத் திறந்தே இருக்கும். அந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் இந்தப் பக்கம் நாங்கள் தும்முவோம். நான் போய் இறங்கிய முதல் நாள் சாயங்காலமே அந்த இடைவெளி வழியாக ஒரு குரல் வந்தது.

“புதுப் பொண்ணு, கருவாட்டுச் சம்பல் அரைச்சிருக்கேன். கொண்டாறேன், வேணாம்னு சொல்லிராத.”

வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரமே கிடைக்கவில்லை. கிண்ணத்தோடு வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தவர், விளக்கு வைக்கும் நேரம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. தன் முழங்கால் வலி, பிரசவங்கள், வீட்டுக்காரரின் குறட்டை, மாமியாரோடு பேசாமல் இருந்த வருஷங்கள், பண்டாரவளையில் கட்டிக்கொடுத்த மகளின் கோபம் என்று எல்லாவற்றையும் என் மடியில் கொட்டிவிட்டுப் போனார். நான் அப்புத்தளைக்காரி. எங்கள் பக்கத்திலும் பேச்சுக்காரிகள் உண்டு. ஆனால் இப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. இந்த மனுஷியிடம் ஒரு விஷயம் போனால் அது ஊருக்கே போனமாதிரிதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அவரைத் தோட்டமே அக்கா என்றுதான் கூப்பிட்டது. அம்மா வயதில் இருந்தவரை நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எனக்குத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப்போவார்கள். மேலே மலையில் அக்கா பேசுவது கீழே தொட்டிலை ஆட்டிக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். சொற்கள் தெரியாது, ஏற்ற இறக்கம் மட்டும் வரும். அது திடீரென்று நின்றால் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை வந்துவிட்டார் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தொடங்கிவிடும். கணக்கப்பிள்ளையிடமே பேச ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம்.

அக்காவிடமிருந்து வாங்கவே முடியாத விஷயங்கள் இரண்டு இருந்தன என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. மற்றவர்கள் அவரை நம்பிச் சொன்னது ஒன்று. அவர் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது இன்னொன்று.

முதலாவது எனக்குத் தெரிய வந்தது எங்கள் லயத்துப் பெண் ஒருத்தி வீட்டைவிட்டுப் போன சமயத்தில். பதுளையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்த முஸ்லிம் பையனை அவள் விரும்பினாள். ஒருநாள் காலை பஸ்ஸில் போனவள் திரும்பி வரவில்லை. அவளுடைய அண்ணன்மார் இரண்டு பேரும் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு அக்காவின் வாசலில் வந்து நின்றார்கள். அவள் கடைசியாகப் பேசியது அக்காவிடம்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“வாங்கய்யா, உக்காருங்க. கத்திய அந்தப் பக்கம் வைங்க, நான் மூட்டுவலிக்காரி, காலுல பட்டுறப் போவுது” என்று ஆரம்பித்தார் அக்கா. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். அவர்களுடைய அப்பா சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்த கதையைச் சொன்னார். தேங்காய் விலையைச் சொன்னார். பெரியவனுக்குப் பெண் பார்க்கிற விஷயத்தை எடுத்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை பேச்சில் தங்கச்சி எங்கே என்பதற்குப் பதில் மட்டும் இல்லை. தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை. தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. பையன்கள் களைத்துப்போய் எழுந்தபோது சின்னவனின் கண்ணில் தண்ணீர் நின்றது. கத்தியை அங்கேயே மறந்துவிட்டுப் போனார்கள்.

வருஷம் ஒன்று போன பிறகு அந்தப் பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அந்தப் பதுளைப் பையனும் வாசலுக்கு வெளியே வந்து நின்றான். பெரிய அழுகைக்குப் பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பெண்ணின் அம்மா அக்காவிடம் வந்து சண்டை பிடித்தார்.

“தெரிஞ்சிருந்தும் ஒரு வார்த்தை சொல்லலியே அக்கா. நான் இந்த ஒரு வருஷமா செத்துச் செத்துப் பொழைச்சேன்.”

“அன்னைக்கு நான் சொல்லியிருந்தா ஒம் மகன் ரெண்டு பேரும் இப்ப எங்க இருப்பானுங்க, யோசிச்சுப் பாரு. போ, போய்ப் பேரனத் தூக்கு” என்றார் அக்கா. அந்த அம்மா மேலும் கொஞ்சம் அழுதுவிட்டுப் போனார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மகள் உயிரோடு இருக்கிறாள் என்று மட்டுமாவது தாயிடம் சொல்லியிருக்கலாமே என்று நானும் அன்று நினைத்தேன். அக்காவிடம் கேட்டேன். “ஒரு துளி விட்டா மிச்சமும் வந்துரும்டி” என்றார். அதற்குமேல் பேச்சை மாற்றிவிட்டார்.

ஓட்டு விஷயத்தை எனக்குச் சொன்னவர் அவருடைய வீட்டுக்காரர்தான். தொழிற்சாலையில் வேலை செய்த மனுஷர், தொழிற்சங்கத்தில் ஊறினவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் மனைவியிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். கெஞ்சியிருக்கிறார், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கிறார். ஒருமுறை அக்காவுக்குக் கடும் காய்ச்சல் வந்து நினைவில்லாமல் பிதற்றியிருக்கிறார். இதுதான் சமயம் என்று பக்கத்தில் உட்கார்ந்து காதில் கேட்டாராம்.

“கோழி திருடுனது யாருன்னு சொன்னா. அவ தங்கச்சிக்கு நான் தெரியாம வாங்கிக் குடுத்த சீலையக்கூட அவளுக்குத் தெரியும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சிச்சு. ஓட்டுன்னு கேட்டதும் வாய இறுக்கிக்கிட்டா பாருங்க!”

அவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். கடைசிவரை அது அவருக்குத் தெரியவில்லை. நான் சொல்லப்போகும் தேர்தலுக்கு முந்தின வருஷம் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஏன் இப்படி என்று அக்காவிடம் ஒருதரம் நானே கேட்டேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். “எங்கப்பாவுக்குப் பிரஜாவுரிமை இல்ல. சாகுற வரைக்கும் ஓட்டுப் போடல. யாருக்குப் போட்டன்னு அவருகிட்ட யாரும் கேக்கல. கேக்குறதுக்கு ஒண்ணுமில்ல. எனக்குக் கெடைச்சிருக்கு. ஓட்டுப் போடுற அந்தத் தட்டிக்குப் பின்னால போனா அங்க துரை இல்ல, கங்காணி இல்ல, புருஷன் இல்ல. எனக்கே எனக்குன்னு இருக்கிற எடம் அது ஒண்ணுதான். அதையும் வெளிய கொண்டாந்து காட்டணுமா?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் அரிசியில் கல் அதிகம் என்று கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.

அக்காவின் வீட்டுக்காரர் போன மறுவருஷம் வந்தது பிரதேச சபைத் தேர்தல். எங்கள் வட்டாரத்தில் எங்கள் தோட்டமும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சிங்களக் கிராமமும், சந்தியில் முஸ்லிம் நானாமாரின் சில கடைகளும் சேர்ந்திருந்தன. தோட்டத்தின் சார்பில் சங்கத் தலைவர் நின்றார். எல்லோரும் அவரைத் தலைவர் என்றே கூப்பிடுவோம். அக்காவுக்குச் சித்தி மகன், தம்பி முறை. கெட்ட மனுஷர் இல்லை. லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது அவர் துரையோடு போட்ட சண்டையால்தான்.

“சபையிலருந்து வர்ற காயிதம் எல்லாம் சிங்களத்துல வருது. பாதை கேட்டு நம்ம எழுதுனா படிக்க ஆளில்ல. அங்க நம்ம பாஷையில எந்திரிச்சுப் பேச ஒரு ஆள் வேணாமா?” என்று வீடு வீடாகக் கேட்டார். அதில் பொய் எதுவும் இல்லை.

எதிரே நின்றவர் கிராமத்து லொறிக்காரர். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா; எங்களுக்கு அவர் லொறி மாத்தயா. அதற்கு முந்தின மழைக்காலத்தில் மண்மேடு சரிந்து எங்கள் பாதை அடைபட்டபோது, சரிவுக்கு அந்தப் பக்கம் லொறியைக் கொண்டுவந்து நிறுத்தி, எங்கள் ஆட்கள் சேற்றில் தூக்கி வந்த நோயாளிகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகள், கிழவர்கள், தலைவருடைய கால் முறிந்த மகன் எல்லாரும் அந்த லொறியில்தான் போனார்கள். யாரிடமும் எதுவும் வாங்கவில்லை.

ஆனால் தேர்தல் நெருங்க நெருங்க அந்த மழைக்காலம் யாருக்கும் ஞாபகத்தில் இல்லாததுபோல ஆயிற்று. கிராமத்தார் ஜெயித்தால் மாரியம்மன் கோயில் மேட்டில் புத்தர் சிலை வைத்துவிடுவார்கள் என்று எங்கள் லயத்தில் பேச்சு. தோட்டத்தார் ஜெயித்தால் ஆற்றை மேலேயே மறித்து வயலுக்குத் தண்ணீர் விடமாட்டார்கள் என்று கிராமத்தில் பேச்சு. இரண்டு பக்கமும் சாமான் வாங்கப் போனது சந்தியில் இருந்த அதே ஒரு நானாவின் கடைக்குத்தான்.

“ஒங்களுக்கும் பயம், அவங்களுக்கும் பயம். ரெண்டு பேருக்கும் நடுவுல கடை வெச்சிருக்கிற நான் எவ்வளவு பயப்படணும் சொல்லுங்க” என்றார் நானா, சீனியை நிறுத்துக்கொண்டே. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வாரம் கடையை வெளிச்சம் இருக்கும்போதே மூடினார்.

தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஓட்டு உள்ளவர்கள் எல்லோரும் கோயிலுக்கு வரவேண்டும் என்று தப்படித்துச் சொன்னார்கள். மாரியம்மன் முன்னால் தாம்பாளத்தில் கற்பூரம் எரிந்தது. ஒவ்வொருவராகப் போய், தலைவருக்குத்தான் போடுவேன் என்று சொல்லி அந்தத் தீயை அடித்துச் சத்தியம் பண்ணவேண்டும். ஆண்கள் அடித்தார்கள். பிறகு பெண்கள். நானும் அடித்தேன். தீ சுடவில்லை, மனம்தான் கொஞ்சம் குறுகுறுத்தது. தலைவருடைய மனைவி எனக்கு முன்னால் நின்றார். அடித்த கையை அவர் உடனே முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

அக்காவின் முறை வந்தது. அவர் பூசாரியின் இருமலை விசாரித்தார். கொத்தமல்லியும் சுக்கும் போட்டுக் குடிக்கச் சொன்னார். திருநீறு கேட்டு வாங்கிப் பூசிக்கொண்டார். அப்படியே நகரப் பார்த்தார்.

“அக்கா, கற்பூரம்” என்றார் தலைவர்.

“அது வேணாம் தம்பி.”

“ஏன், எனக்குப் போடமாட்டீங்களா?”

“போடமாட்டேன்னு நான் எப்ப சொன்னேன்?”

“அப்ப அடிங்க.”

“போடுவேன்னும் சொல்லலியே. ஆத்தா முன்னால வேற எதை வேணும்னாலும் கேளு, அடிச்சு சத்தியம் பண்ணுறேன். இதக் கேக்காத.”

சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. “கூடப்பொறந்தவன் மாதிரி இருக்கிற எனக்கே இப்படின்னா, மத்தவன் என்ன நெனைப்பான்?” என்றார். அக்கா அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அவர் போகும்போது ஒன்றும் பேசாமல் போனது அதுதான் முதல் தடவை.

தேர்தல் அன்று ஓட்டுப் போட்ட பள்ளிக்கூடத்திலேயே எண்ணினார்கள். பொழுது சாய்கையில் முடிவு வந்தது. தலைவர் தோற்றுப்போனார். வித்தியாசம் கொஞ்சம்தான், ஆனால் ஒரு கைக்குள் அடங்குவதாகவும் இல்லை. கிராமத்தைவிடத் தோட்டத்தில்தான் ஓட்டு அதிகம்; அப்படியும் தோற்றார் என்றால், பலபேர் கற்பூரம் அடித்த கையாலேயே லொறி மாத்தயாவுக்குப் போட்டிருந்தார்கள். கணக்குப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் அது தெரிந்திருக்கும்.

ஆனால் யாரும் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. “சத்தியம் பண்ணாத ஆள் ஒண்ணு இருக்குல்ல” என்று கோயில் வாசலில் ஒருவர் சொன்னார். அவ்வளவு பேருக்கும் மூச்சு வந்ததுபோல ஆயிற்று. சத்தியத்தை மீறியவர்கள்தான் அக்காவை அதிகம் திட்டினார்கள் என்று எனக்குத் தோன்றியது. இனத்தை விற்றவள் என்றார்கள். புருஷன் செத்ததும் புத்தி போய்விட்டது என்றார்கள். பிறகு, யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யாமலே, அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள்.

வேறு யாருக்கு என்றாலும் அதைத் தாங்கிக்கொள்ளலாம். அக்காவுக்கு அது சோற்றை நிறுத்தியமாதிரி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, “என்னடி, இன்னைக்கு எந்த மலை?” என்று கேட்பார். யாரும் திரும்பமாட்டார்கள். மலையில் அவருக்கு இரண்டு பக்கமும் தேயிலை நிரை காலியாக இருக்கும். நான் தொட்டில் ஆட்டும்போது மேலேயிருந்து அந்தக் குரல் வரவில்லை. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் நின்று ஆட்டுக்குட்டியிடம் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு குடத்தைத் தூக்கினார்.

வாசலில் நின்று அவரோடு பேச வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சுவருக்கு மேலே பேசக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் அப்படித்தான் பேசினோம், முகம் பார்க்காமல்.

“அக்கா, தலைவருக்குத்தான் போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. நெசமோ பொய்யோ, எல்லாம் முடிஞ்சிரும்” என்றேன் ஒருநாள்.

பாத்திரம் ஒன்றைக் கவிழ்த்துவைக்கும் சத்தத்தோடு அக்காவின் குரல் வந்தது.

“நான் சொன்னா அப்புறம் என்ன கேப்பாங்க தெரியுமா? அப்ப வேற யாருன்னு கேப்பாங்க. அடுத்த வீட்டுக்காரிய நிக்க வச்சுக் கேப்பாங்க. அவ இல்லன்னா அதுக்கடுத்தவ. எத்தன வீட்டுல பொம்பளைக்கு அடி விழும்னு நெனைக்கிற? இப்ப எல்லாருக்கும் நான் ஒருத்தி இருக்கேன். இருந்துட்டுப் போறேன்.”

அன்று ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் லொறி மாத்தயா வந்தார். தனக்கு ஓட்டுப் போட்டதற்காகத் தோட்டமே ஒதுக்கிவைத்த ஒரு அம்மா இருக்கிறார் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்டி நிறையக் கெவும், கொக்கிஸ் என்று சிங்களப் பலகாரங்கள் எடுத்துக்கொண்டு லயத்துக்கே வந்துவிட்டார். வாசல்களில் எல்லோரும் இருந்த நேரம். இவர் நன்றி சொல்லிவிட்டால் அக்கா இனி இந்தத் தோட்டத்தில் குடியிருக்க முடியாது.

“அக்கே, ரொம்ப ஸ்துதி. நீங்க நமக்கு ஓட்டு குடுத்தாங்க இல்ல, அதுக்கு” என்றார், இரண்டு கையாலும் பெட்டியை நீட்டி.

அக்கா பெட்டியை வாங்கவில்லை. தனக்குத் தெரிந்த சிங்களத்தையும் தமிழையும் கலந்து, லயத்தின் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்கிற குரலில் பேசினார்.

“மாத்தயா, ஒங்களுக்குப் போட்டேன்னு நான் யாருகிட்ட சொன்னேன்? எந் தம்பிகிட்டயே சொல்லல, ஒங்ககிட்டயா சொல்லுவேன்? மழைக்கு லொறி கொண்டாந்தீங்க, நீங்க நல்ல மனுஷன். அதுக்கு நான்தான் ஒங்களுக்கு ஸ்துதி சொல்லணும். ஓட்டுக்கு யாரும் யாருக்கும் சொல்ல வேணாம். பலகாரத்தப் புள்ளக் காம்பராவுக்குக் குடுங்க. அதுங்களுக்கு ஓட்டு இல்ல, நிம்மதியாத் திங்கும்.”

மாத்தயா முதலில் திகைத்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, அக்காவைக் கும்பிட்டுவிட்டுப் போனார். எதிர் லயத்து வாசலில் தலைவர் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

திருவிழா வந்தது. எங்கள் தோட்டத்தில் அம்மன் சப்பரம் ஒவ்வொரு வாசலிலும் நின்று அருச்சனை வாங்கிக்கொண்டு போகும். அந்த வருஷம் அக்காவிடம் மட்டும் திருவிழா வரி வாங்கவில்லை. வரி வாங்காத வீட்டில் சப்பரம் நிற்காது.

அதற்கு இரண்டு மூன்று நாள் இருக்கையில் ஒருநாள், நாங்கள் வேலை விட்டு வந்த நேரம், தலைவருடைய மனைவி அக்கா வீட்டுக்குப் பின்பக்கமாக வந்தார். அவர் தணிந்த குரலில் அழுதது சுவருக்கு இந்தப் பக்கம் தெரிந்தது, என்ன சொன்னார் என்பது தெரியவில்லை. அக்காவின் குரல்தான் தணியாத குரலாயிற்றே.

“புள்ளைக்குக் காய்ச்சல்னா ஆத்தா மேல பழி போடாத. மழையில நனைஞ்சான், காய்ச்சல் வந்துச்சு. ஆத்தா அப்படிப் புள்ளையப் புடிச்சுக்கிட்டுப் பழி வாங்குற ஆளா? போ. வாயத் தொறக்காத. எனக்காக நீ ஒண்ணும் செய்ய வேணாம்.”

திருவிழா அன்று வெயில் நன்றாக அடித்தது. நிற்காத சப்பரத்துக்கு அக்கா வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தார். தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் தட்டில் தயாராக இருந்தன. நல்ல சீலை கட்டி வாசலில் நின்றார். நான் பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தப்பு முழங்க அம்மன் வந்தாள். முன்னால் தலைவர் நடந்தார். எங்கள் வாசலில் சப்பரம் நின்றது, தீபம் காட்டினார்கள். பிறகு சப்பரம் கிளம்பி, அக்காவின் வாசலை ஒட்டி நிற்காமல் நகர்ந்தது. தூக்கியிருந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்து நடந்தார்கள். அக்கா கைகூப்பியபடி நின்றார்.

அப்போது பின்னால் வந்த பெண்கள் கூட்டத்திலிருந்து தலைவருடைய மனைவி ஓடிவந்து சப்பரத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். தப்புச் சத்தம் பிசகி நின்றது.

“இந்த வாசல்ல நிக்கலன்னா எங்க வாசல்லயும் நிக்க வேணாம்” என்றார் கணவரைப் பார்த்து. அந்த அம்மா நாலு பேர் முன்னால் பேசி யாரும் கேட்டதில்லை. “அக்காவ மட்டும் ஏன்? அன்னைக்குக் கற்பூரம் அடிச்சிட்டு நானும்...”

“ஏண்டி!” என்று ஒரு சத்தம் வந்தது. அக்காதான். “சாமிய வெயில்ல நிறுத்தி வச்சுக்கிட்டு என்னடி கதை பேசுற? தூக்குறவனுங்க தோளு என்னத்துக்காகும்? ஒம் மகன் காய்ச்சல் விட்டுச்சா? கஞ்சி குடுத்தியா? அவன வெயில்ல கூட்டிட்டு வந்திருக்கியா பாரு, தலையில ஒரு துணியில்லாம! துணிய எடுத்துப் போடு மொதல்ல!”

அவர் நிறுத்தவில்லை. காய்ச்சலைச் சொன்னார், கஞ்சியைச் சொன்னார், தப்படிக்கிறவரின் பழைய தப்பைச் சொன்னார், சப்பரத்தின் பூ வாடிப்போனதைச் சொன்னார். இத்தனை வாரம் அடைத்துவைத்த பேச்செல்லாம் ஒன்றாக வந்தது. அந்த இரைச்சலில் தலைவருடைய மனைவி சொல்லவந்த வாக்கியம் முடியாமலே போயிற்று. முடிக்கவிடக்கூடாது என்றுதான் அக்கா பேசினார். அது எனக்குப் புரிந்தது. தலைவருக்கும் புரிந்தது.

அவர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன வரப்போகிறதோ என்று நான் பயந்தேன். பிறகு மகனைப் பார்த்தார். மழைக்காலத்தில் லொறியில் போய்க் கட்டுப்போட்ட கால் சரியான பிறகும் அவன் கொஞ்சம் சாய்ந்துதான் நிற்பான். பிறகு, இன்னும் பேசிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். கேட்கவேண்டியதைக் கேட்காமல் விழுங்கிவிட்டார்.

“சப்பரத்தத் திருப்புங்கடா” என்றார். “அக்கா வாசல்ல நிப்பாட்டுங்க.”

தூக்கியிருந்தவர்கள் அதற்காகவே காத்திருந்ததுபோலத் திரும்பினார்கள். பூசாரி அக்காவின் தட்டை வாங்கினார். தேங்காய் உடைந்தது. தப்பு மறுபடி தொடங்கியதும் என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் அழுதாள். அவர்கள் எதற்காக அழுதார்கள் என்று நான் கேட்கவில்லை. தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட அக்கா, தேங்காய் முற்றலாக இருக்கிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பூசாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பெரட்டில் யாரோ ஒருத்தி, “அக்கா, இன்னைக்கு நம்ம எந்த மலை?” என்று கேட்டாள். அவ்வளவுதான். நான் பிள்ளைக் காம்பராவில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தபோது மேலே மலையிலிருந்து அந்தக் குரல் இறங்கி வந்தது. நான் ஆட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை அழுதது, அதையும் மறந்துவிட்டேன்.

கோயில் மேட்டில் எந்தச் சிலையும் வரவில்லை. ஆற்றை யாரும் மறிக்கவில்லை. லொறி மாத்தயா பாதைக்குக் கொஞ்சம் கொங்கிறீட் போட்டுக் கொடுத்தார். சபையிலிருந்து வரும் கடிதங்கள் அப்போதும் சிங்களத்தில்தான் வந்தன. தலைவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த பிரதேச சபைத் தேர்தலைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். நடுவில் வேறு தேர்தல்கள் வந்தன, தட்டுப்பாட்டுக் காலம் வந்தது, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். கடைசியில் சபைத் தேர்தல் வந்தபோது தலைவர் மறுபடி நின்றார். கோயிலில் கற்பூரம் கொளுத்த வேண்டும் என்று சங்கத்து இளவட்டங்கள் கேட்டார்கள்.

“கற்பூரம் சாமிக்கு. எனக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டார் அவர். “பாஷைக்கு ஒரு ஆள் வேணும்னு தோணுனா போடுங்க. தோணாட்டி விடுங்க.”

அந்த முறை ஜெயித்தார். கிராமத்திலிருந்தும் சில ஓட்டு விழுந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். யார் போட்டார்கள் என்று யாரும் தேடவில்லை.

அதன் பிறகு அக்காவை மகள் பண்டாரவளைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நாங்களும் பதுளைக்கு வந்துவிட்டோம். அவரை நான் கடைசியாக நன்றாகப் பார்த்தது அந்த ஓட்டு நாளில்தான். அக்கா ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலை ஊதிக்கொண்டே பள்ளிக்கூட வாசலிலிருந்து வெளியே வந்தார். நாங்கள் சிலபேர் போட்டுவிட்டுப் பாதை வளைவில் நின்றிருந்தோம். தலைவரும் அங்கேதான் நின்றார்.

“அக்கா, நானும் கெழவனாயிட்டேன். இப்பயாச்சும் சொல்லக்கூடாதா?” என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“அதக் கேக்குறியா தம்பி” என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் காது கொடுத்தோம். “இந்தச் செருப்பப் பாரு. பதுளையில வாங்கி ஒரு மாசம் ஆகல. வாரு பிஞ்சு தொங்குது. கடைக்காரன்கிட்ட கேட்டா, நீங்க மலையில நடக்குறீங்கன்னு சொல்றான். மலையில நடக்காம நான் வேற எங்கடா நடக்குறதுன்னு கேட்டேன்...”

இறக்கம் முழுக்கப் பேசிக்கொண்டே போனார். தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அந்தச் செருப்பு தடுக்கிவிடாமல், மெதுவாகக் கூடவே நடந்தார்.